உன் அப்பா குடிக்காத கள்

என் அய்யாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஜபல்பூரிலிருந்து நீ எழுதியது வந்து சேர்ந்தது. தபால்காரர் அதை உன் அப்பா கையில்தான் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை தாமே வாசித்தார். எனக்கென்று எழுதியது அவர் கண்ணில் பட்டுவிட்டதே என்று இப்போது உனக்குப் பதறும். பதறட்டும். "அப்பா குடியை விட்டுவிட்டார் என்று நீங்கள் உங்கள் கையால் எழுதினால்தான் லீவு கேட்பேன், இல்லாவிட்டால் அவர் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் இரண்டாம் தடவை வாசித்தார். அப்புறம் காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் பேசினார். அதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னால் உனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அவர்தான். பட்டாளத்தில் இருக்கிறவன் மனம் கலங்கக்கூடாது, நல்லதை மட்டும் எழுது என்று சொல்லிச் சொல்லியே என் வாயைக் கட்டிப்போட்டார்.

உன்னோடு இருக்கிற அந்தக் கீழப்பாவூர்ப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. லீவில் வந்தவன் தென்காசிக் கடைத்தெருவில் தன் கண்ணால் பார்த்ததை உன்னிடம் சொல்லியிருக்கிறான். பட்டப்பகலில் உன் அப்பா தள்ளாடினார், நாக்குக் குழறிற்று, மேல்துண்டு எங்கே விழுந்தது என்று கூடத் தெரியாமல் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் உண்மை. அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வீட்டில் விட்டவர்களில் அவனும் ஒருவன். "ஆச்சி, அண்ணாச்சிக்கு இன்னைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு போல, மோர் குடுத்துப் படுக்கப் போடுங்க" என்று என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னான். அவனைப் போய் என்ன சொல்ல? ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் நீ ஊரா?

கள் வாடை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகிரியில் என்னைப் பெற்றவர் வெயில் சாயும்போது வெளியே போனால் எப்படித் திரும்புவார் என்று சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டிபானைகளை எடுத்து உள்ளே ஒளித்துவைப்போம். மாப்பிள்ளை பார்க்கும்போது என் அம்மா நிலத்தைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. "பையனுக்கு அந்தப் பழக்கம் உண்டா" என்று மட்டும்தான் கேட்டாள். இல்லை என்று நாலு பேர் சொன்ன பிறகுதான் தலையை அசைத்தாள். உன் தாத்தா அத்தனை வருஷம் குடித்தும் ஈரல் கெடாமல் பல் விழுந்து, கிழமாகி, பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுப் போனார். நாக்கில் ஒரு சொட்டுப் படாதவருக்கு இந்த ஈரல் வியாதி வந்திருக்கிறது. கடவுளிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறாரோ எனக்குத் தெரியாது. நம் ஊர்க் காசி விசுவநாதர் சன்னதியில் நின்று கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நம் வயல் வரப்பில் நிற்கிற பனைகளை உனக்கு நினைவிருக்கும். கள்ளுக்கு விடுங்கள் என்று குத்தகைக்காரர்கள் எத்தனை முறை வந்து கேட்டார்கள்! பதநீருக்கு என்றால் ஏறு, கள்ளுக்கு என்றால் இறங்கு என்று சொல்லி அனுப்பிவிடுவார். உன் சித்தப்பா இதற்காகவே அவரிடம் சண்டை போட்டுப் பேச்சை விட்டார். நீ பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் உன் காதில் அவர் சொன்னது என்ன? அங்கே ரம் கொடுப்பான், உன் பங்கை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றார். இன்றைக்கு வரை நீ தொடவில்லை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அந்தப் புத்தியை உனக்குக் கொடுத்தவர் மேலேயே அதைத் திருப்பிவிட்டாயே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

நீ பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எழுதிய வருஷம் அவருக்கு மஞ்சள்காமாலை வந்ததல்லவா, தொடங்கியது அங்கேதான். கண் மஞ்சளித்து, சோற்றைப் பார்த்தாலே குமட்டிக் கிடந்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தோம். உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் தள்ளினோம். கண் வெளுத்தது, பசி எடுத்தது. காமாலை இறங்கிவிட்டது என்று கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பருப்பும் நெய்யுமாக விருந்து போட்டேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். கண்ணில் இருந்த மஞ்சள் போனதும் நோயும் போயிற்று என்று நினைத்துக்கொண்டோம். அது உள்ளே ஈரலில் உட்கார்ந்துகொண்டு தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

நீ போன பிறகு அவருக்கு இடது விலாவுக்குக் கீழே கட்டி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு இடப்பக்கக் கட்டி என்றால் ஒரே அர்த்தம்தானே, மலைக்காய்ச்சல் கட்டி. யாரும் யோசிக்கவே இல்லை. சண்டைக் காலத்தில் அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து கிடைப்பதே அரிதாக இருக்கிறது. செங்கோட்டையில் தெரிந்தவர்களைப் பிடித்து வாங்கிவந்து விழுங்கவைத்தோம். காது இரைந்ததே தவிர கட்டி குறையவில்லை. பிறகு போன வருஷம் சாரல் தொடங்கியது. கட்டியைக் கரைக்க அருவியை விட்டால் வேறென்ன மருந்து என்று உன் அப்பாவே முடிவு கட்டினார். குற்றாலத்தில் நம் ஒன்றுவிட்ட அண்ணாச்சியின் பங்களா இருக்கிறதே, அங்கே போய்த் தங்கி, தினமும் உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு பெரிய அருவிக்குப் போனோம். ஆண்கள் பக்கம் அவர் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். எல்லோரும் தலையைக் கொடுத்து நிற்பார்கள். இவர் மட்டும் இடது கையைத் தூக்கிக்கொண்டு அந்த விலாவை அருவிக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் அந்த இடத்தில் அறைந்து அறைந்து தோல் சிவந்துபோகும். "இன்னைக்குக் கொஞ்சம் இளகின மாதிரி இருக்குட்டி" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சாரல் முடிகிற சமயத்தில் ஊருக்குத் திரும்பினோம். வில்வண்டி இலஞ்சி தாண்டி வந்துகொண்டிருந்தது. அவர் வெற்றிலை போட்டிருந்தார். திடீரென்று முன்னால் சாய்ந்து வண்டிக்கு வெளியே துப்பினார். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வெத்தலை ரொம்பச் செவக்குதே, எந்தத் தோட்டத்து வெத்தலை?" என்று சிரித்தார். நானும் வெற்றிலை என்றே நினைத்தேன். இரண்டாவது தடவை வந்த ரத்தம் வாய் கொள்ளவில்லை. துண்டு நனைந்து என் மடியெல்லாம் ஆனது. வலி என்று ஒரு சொல் சொல்லவில்லை அவர். வலியே இல்லையாம். தொண்டைக்குள் வெந்நீர் ஏறுகிற மாதிரி இருந்ததாம், அவ்வளவுதான். அதன் பிறகு வெளிக்குப் போனதெல்லாம் தார் மாதிரி கறுப்பாக இருந்தது.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பேரை எழுதவில்லை, எழுத எனக்கு இஷ்டமும் இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்?" என்று கேட்டார். பழக்கம் கிடையாது என்று இவர் சொன்னதற்கு, "எல்லாரும் இப்படித்தான்யா சொல்லுவாங்க" என்று சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டார். தை பிறந்ததும் வயிறு வீங்கத் தொடங்கியது. நிறைமாசக்காரி மாதிரி ஆகிவிட்டார். கையும் காலும் மட்டும் குச்சி. ஆஸ்பத்திரியில் வயிற்றில் குழாய் இறக்கி நீரை வடித்துவிட்டார்கள். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, திரும்பவும் பழையபடி நிறைந்துவிட்டது.

இந்த வருஷம் ஆனியில் மதராஸிலிருந்து ஒரு பெரிய டாக்டர் சாரலுக்கு வந்து அண்ணாச்சி பங்களாவில் தங்கினார். அண்ணாச்சிதான் எங்களை வரச் சொன்னார். குளிக்க வந்த மனிதர், துண்டும் கையுமாக நின்றவர், ஈரத்தலையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். தொப்புளைச் சுற்றிப் புடைத்திருந்த பச்சை நரம்புகளைத் தடவிப் பார்த்தார். முன்பு காமாலை வந்ததா என்று கேட்டார். குடி உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றார் உன் அப்பா. "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவர் நம்பினார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன். "அம்மா, வயிறு, குடல், மண்ணீரல் இதிலிருந்தெல்லாம் திரும்புற ரத்தம் நேரா நெஞ்சுக்குப் போறதில்லை. எல்லாம் ஒரே பெரிய நரம்புல சேர்ந்து முதல்ல ஈரலுக்குள்ளே போகும். போர்ட்டல் வெயின்னு அதுக்குப் பேரு. ஈரல் அந்த ரத்தத்தைச் சலிச்சு, விஷத்தை முறிச்சு, அப்புறம்தான் மேலே அனுப்பும். இவருக்கு ஈரல் சுருங்கிக் கல்லு மாதிரி இறுகிப் போச்சு. ரத்தம் உள்ளே போக வழியில்லை. வந்துகிட்டே இருக்கு, போக முடியலை. அதனால அந்த நரம்புக்குள்ளே அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது. ப்ளட் பிரஷர்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அது உடம்பு பூரா இருக்கிறது. இது அந்த ஒரு நரம்புக்குள்ளே மட்டும். கையில பட்டி கட்டிப் பார்த்தா தெரியாது."

உன் அப்பா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப மடை அடைச்ச வாய்க்கால்னு சொல்லுங்க" என்றார். டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்து, ஆமாம், அதுதான் என்றார். தண்ணீர் தேங்கினால் வரப்பு ஊறிக் கசியும், அதுதான் வயிற்றில் நிற்கிற நீராம். பின்னால் இருக்கிற மண்ணீரல் ரத்தம் தேங்கி உப்பியதுதான் நாங்கள் கண்ட கட்டி. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. நிற்கிற ரத்தம் வேறு வழி தேடி, தொண்டைக்குக் கீழே சோறு இறங்குகிற குழாயில் இருக்கிற நூல் மாதிரி நரம்புகளுக்குள் புகுந்துவிடுமாம். அவை அவ்வளவு ரத்தத்தைத் தாங்குவதற்குப் பிறந்தவை அல்ல. உப்பி உப்பி ஒரு நாள் வெடிக்கும். வண்டியில் வந்தது அது. "அடைச்ச மடையத் தோண்டி விட்டா சரியாயிரும்லா?" என்று இவர் கேட்டார். டாக்டர், "ஈரலைத் தோண்ட முடியாது" என்றார். இந்த நரம்பை வேறொரு பெரிய நரம்போடு சேர்த்துத் தைத்துவிட்டால் அழுத்தம் குறையும் என்று வெளிநாட்டில் நாய்களுக்குச் செய்து பார்த்திருக்கிறார்களாம். இங்கே செய்ய ஆள் இல்லை, இருந்தாலும் இவர் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். உப்பைத் தள்ளுங்கள், நீர் முட்டினால் வடித்துவிடுங்கள், கடினமானதைக் கடித்து விழுங்கக் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் அவர் சொன்ன வைத்தியம்.

அருவியில் நின்றது தப்பா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். மண்ணீரல் அவ்வளவு வீங்கி இருக்கும்போது அருவி அடி அதன் மேலேயே விழுந்தும் கிழியாமல் தப்பியதே பெரிது என்றார். நோயை அருவி தரவில்லை, ஆனால் அது ஆற்றவும் ஆற்றாது என்றார். ஊரெல்லாம் உடம்பு தேற வருகிற அருவிக்கு நாங்கள் போய்ச் சாவைத் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

கிளம்பும்போது என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். "ஈரல் முறிக்காம விட்ட விஷம் சில நாள் தலைக்கு ஏறும். பகல்ல தூங்குவார். கை படபடன்னு ஆடும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். மூச்சில இனிப்பா ஒரு கெட்ட வாடை வரும். பார்க்கிறவங்க குடிச்சிருக்கார்னு சொல்லுவாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். ஆடியில் அதுதான் நடந்தது. கொஞ்சம் தெம்பாக இருக்கிறது என்று சொல்லி வெற்றிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவரைத்தான் உன் கீழப்பாவூர்ச் சிநேகிதன் கொண்டுவந்து விட்டான். நான் அவர் வாயருகே குனிந்து பார்த்தேன். டாக்டர் சொன்ன அந்த வாடைதான். என் அப்பா மேல் வந்த வாடை இது இல்லை. மறுநாள் தெளிந்து எழுந்து, "என் துண்டை எங்கட்டி?" என்று கேட்டார். முந்தின நாள் எதுவும் அவருக்கு நினைவில்லை.

இவ்வளவு எழுதியதில் உனக்கு ஆகவேண்டியது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள். உனக்கோ உன்னோடு இருக்கிறவர்களுக்கோ காமாலை வந்தால், கண் வெளுத்ததும் எழுந்து ஓடாதே, படுத்து ஓய்வெடு, டாக்டரிடம் திரும்பத் திரும்பக் காட்டு. வெளிக்குத் தார் மாதிரி போனால் மறைக்காதே. வயிறு பெருத்துக் கண் மஞ்சளித்து எவனாவது தெருவில் விழுந்து கிடந்தால், குடிகாரன் என்று காறித் துப்பிவிட்டுப் போகாதே. குடித்தவனாக இருந்தாலும்தான் என்ன, அவனுக்கும் அதே ரத்தம்தான் வாயில் வரும். இதைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி இல்லை. எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் அவரைப் பிழைக்கவைக்க எனக்கு வழி இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள், உப்பில்லாத கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"ஏட்டி, அவன் கேட்டபடியே எழுதிரு."

"என்னன்னு எழுத?"

"குடிச்சாரு, இப்ப விட்டுட்டாருன்னு எழுதிரு."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கஞ்சிக் கும்பாவைத் தரையில் போட்டுவிட்டேன். "உங்க நாக்குல ஒரு பொட்டுப் பட்டிருக்குமா? ஊருதான் சொல்லுதுன்னா நீங்களும் சொல்லுதியளா?" என்றேன்.

"படலைன்னு எழுதினா அவன் நம்ப மாட்டான். அம்மா மறைக்கான்னு நெனச்சுக்கிட்டு அங்கனயே இருந்துருவான். விட்டுட்டாருன்னு எழுதினா வருவான்லா."

"பேரு போயிருமே?"

"பேரை வச்சு நான் என்ன செய்யப் போறேன்? குடிகாரன்னா, விட்டுட்டான், இனிமே பொழச்சுக்கிடுவான்னு அவனுக்கு ஒரு நெனப்பாவது இருக்கும். நாலு நாளு அந்த நெனப்போட ரயில்ல வரட்டும். இந்த வியாதின்னு எழுதினா அவனுக்கு என்னட்டி இருக்கு?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. குடிகாரனுக்கு விடுவதற்குக் குடியாவது இருக்கிறது. உன் அப்பாவுக்கு விடுவதற்கு என்ன இருக்கிறது? வெற்றிலையை விட்டார், உப்பை விட்டார், வயலுக்குப் போவதை விட்டார். அவர் சொன்னபடி ஒரே வரியில் எழுதிப் போட்டிருந்தால் நீ இந்நேரம் லீவு கேட்டு நின்றிருப்பாய், எனக்கும் இவ்வளவு மை செலவாகியிருக்காது. எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. குடிக்காதவர் என்று என் அம்மா நாலு பேரிடம் விசாரித்துக் கட்டிக்கொடுத்த மனிதரை, குடித்தார் என்று என் கையாலேயே நான் எப்படி எழுதுவேன்?

ஆனால் அவரிடம் பொய்தான் சொல்லியிருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கட்டிலில் இருந்து கேட்டார்: "எழுதிட்டியா?" எழுதிவிட்டேன் என்றேன். "நான் சொன்ன மாதிரியா?" நீங்கள் சொன்ன மாதிரியேதான் என்றேன். அதிலிருந்து முகத்தில் ஒரு தெளிச்சி. சவரம் செய்கிறவரைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பவைத்தார். "அவன் வாரதுக்குள்ள குடிய விட்டவன் மொகம் மாதிரி ஆக்கணும்லா" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து, நீ லீவு வாங்கி, ரயில் மாறி மாறித் தென்காசி வந்து இறங்குகிறவரைக்கும் அந்த நூல் நரம்புகள் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாதாம். நீ வந்து, அவரும் இருந்தால், உன் கையைப் பிடித்துக்கொண்டு "விட்டுட்டேம்லே" என்று சொல்வார். அதற்காகத்தான் சவரம் செய்துகொண்டு காத்திருக்கிறார். அப்போது நீ, நீங்கள் குடித்ததே இல்லையே என்று சொல்லி அவர் பொய்யை உடைக்க வேண்டாம். ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்துகொள். மன்னித்துவிட்டேன் அப்பா என்று மட்டும் உன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

உன் அம்மா